பக்கத்துக் கேபின்

ஜனவரி 12

சிட்டு,

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நாலு மாதம் இருந்தும்விட்டேன். நேற்று உன் வக்கீலம்மா ஆஸ்பத்திரிக்கே வந்து, எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளோடு நோயாளியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "உங்க தங்கச்சிக்காக கோர்ட்ல நாலு வார்த்தை சொல்லுவீங்களா?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான் என்ன சொல்ல? ஒரே வீட்டில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கை நாம். செத்தவன் உனக்குப் புருஷன் என்றால் எனக்குக் கொழுந்தன்.

உன் மகள் என்னிடம்தான் இருக்கிறாள். சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். எட்டு வயதுக்குப் பேச வேண்டிய பேச்சுதான் இல்லை. மாமியார் அவள் மூக்கைப் பார்த்துவிட்டு, "எம் பிள்ள மூக்கு" என்று தினம் ஒரு பாட்டம் அழுகிறார்.

வருடா வருடம் நாம் போன உல்லாசக் கப்பல் பயணங்களின் ஆல்பங்கள் நாலையும் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உன் அத்தானே எடுத்துக் கொடுத்தார். அலமாரியில் அந்த இடம் பல் விழுந்த மாதிரி இருக்கிறது. முதல் தடவை கப்பலைப் பார்த்தபோது நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "அக்கா, இது கப்பல் இல்ல, ஒரு தெருவையே பேத்து எடுத்துத் தண்ணில வச்சிருக்காங்க." ஆபத்துப் பயிற்சி என்று மணியடித்து எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்களே, அதில் உன் அத்தான் தலையை வெளியே நீட்டத் தெரியாத ஆமை மாதிரி நின்றாரே! உன் வீட்டுக்காரன் கப்பல் கடையில் வெள்ளைத் தொப்பி வாங்கிப் போட்டுக்கொள்ள, புதிதாகச் சேர்ந்த பணியாள் ஒருவன் நிஜமாகவே சல்யூட் அடித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் நமக்கெல்லாம் கேப்டன். அறையைச் சுத்தம் செய்கிறவர் துண்டை மடித்து யானை, அன்னம் என்று கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். யானையைப் பிரிக்கக் கூடாது என்று உன் மகள் ஒப்பாரி வைத்ததில் நாங்கள் ரெண்டு நாள் தலை துவட்டாமல் திரிந்தோம்.

எல்லாவற்றையும் விட, நாலாவது பயணத்தில் மேல்தளத்தில் நான் எடுத்த படம். உன் முடி காற்றில் பறக்கிறது. கேப்டன் பின்னாலிருந்து உன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறான். நீ திரும்பி வாய்கொள்ளாமல் சிரிக்கிறாய். அவனே கண்ணாடி வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். அரசு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டப் போகிறாராம். "இவ்வளவு சந்தோஷமான ஜோடி!"

அப்படிப்பட்டவனைப் பட்டப்பகலில், அவன் கண்ணாடிப் பட்டறையிலேயே, உடைந்த கண்ணாடியால் கழுத்தில் மூன்று முறை குத்தியிருக்கிறாய். அஞ்சாவது பயணத்துக்கு அவன் ஆசையாய் வாங்கிவந்த டிக்கெட் வெட்டுமேசையில் கிடந்தது, ரத்தத்தோடு.

ஏன்டி?

அக்கா


ஜனவரி 21

அக்காவுக்கு,

ஜெயிலில் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்து, மூலையில் முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இதையும் படிப்பார்கள். படிக்கட்டும். வலது உள்ளங்கையில் நரம்பு அறுந்ததில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மடங்குகின்றன. எழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

உங்கள் அறையில் யானையைப் பிரிக்கவில்லை. எங்கள் அறையில் அன்னத்தைப் பிரித்தான். குழாயில் நனைத்து முறுக்கினால் துண்டு கயிறாகிவிடும். முதுகில் விழுந்தால் சத்தம் உண்டு, தழும்பு கிடையாது. சாப்பாடு பரிமாறியவரிடம் நன்றி சொல்லும்போது நான் பல்லைக் காட்டினேனாம். பதினோரு அடி. எண்ணிக்கொண்டே இருந்தால் கத்தல் வராது. அதனால் எண்ணினேன்.

அடுத்த வருடம் நீச்சல் குளத்தில் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான். விட்டான், மறுபடி அழுத்தினான். சுற்றி இருந்தவர்கள் விளையாட்டு என்று சிரித்தார்கள். நீகூட ஐஸ்கிரீமைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினாய். நான் உன் கால்விரல் நகப்பூச்சைப் பார்த்துக்கொண்டே மூழ்கினேன். கருஞ்சிவப்பு.

மூன்றாவது பயணத்தில் குளியலறை. கப்பல் குளியலறைகளுக்கு வாசலில் ஒரு உயரமான இரும்புப்படி இருக்கும். அதில் என்னைக் கிடத்தி விலாவில் உதைத்தான், வெளியே போகப் போட்டுக்கொண்ட காலணியோடு. ஊர் திரும்பியதும் உன்னிடம்தான் வந்தேன். படிக்கட்டில் விழுந்தேன் என்று சொன்னேன். மதிய இடைவேளையில், பதிவேட்டில் எழுதாமல், நீயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாய். "ஒண்ணுமில்லடி, சதைப்பிடிப்பு" என்று சொல்லித் தைலம் கொடுத்து அனுப்பினாய்.

நாலு பயணத்திலும் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கேபின். என் கட்டில் தலைமாடும் உன் கட்டில் தலைமாடும் ஒரே சுவரில். தகரச் சுவர். அத்தான் குறட்டை எனக்குக் கேட்டது. நீ இருமினால் கேட்டது. ஒரு நாள் நீ பாடிக்கொண்டே தலை சீவியதும் கேட்டது.

வேறெதுவும் கேட்கவில்லை உன்னிடம். என் சத்தம் உனக்குக் கேட்டதா?

பாப்பாவுக்கு வலது காதில் அடிக்கடி வலி வரும். பஞ்சு வைத்துப் பள்ளிக்கு அனுப்பு.

சிட்டு


பிப்ரவரி 3

சிட்டு,

காதுக்குப் பஞ்சு வைக்கிறேன். அதை நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

என்னைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாய். கப்பலில் என்ன கேட்கும்? எஞ்சின் கேட்கும், காற்று கேட்கும். நான் சுவரில் காதை ஒட்டவைத்துக்கொண்டா படுத்திருந்தேன்? செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்லமாட்டான் என்ற தைரியத்தில் இப்போது இஷ்டத்துக்கு எழுதுகிறாய். அடித்திருக்கலாம். இல்லை என்று சொல்லவில்லை. அவனுக்குக் கோபம் வரும், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் சிரிக்கவும் செய்தான். உன்னோடு ஆடினான். உனக்காக வரிசையில் நின்று பழச்சாறு வாங்கிவந்தான். என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாளும் தொட்டு அடித்ததில்லை, ஆனால் பதினாலு வருடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தா" என்பார். உனக்குக் கிடைத்ததில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று நான் நினைத்த நாள் உண்டு.

உன் விலா எலும்புகள் தானாகக் கூடி ரெண்டு வருடம் ஆகிறது. அதைத் தோண்டி எடுத்து ஒரு உயிர் போனதற்கு ஈடு வைக்கப் பார்க்கிறாயே!

என் வாழ்க்கையில் நல்ல நாள் என்று கணக்குப் போட்டால் அந்த நாலு பயணத்தின் இருபத்தெட்டு நாள்தான் வரும். மற்றதெல்லாம் இருட்டறையில் பிறத்தியார் எலும்பைப் பார்த்த நாள். அந்த இருபத்தெட்டையாவது எனக்கு விட்டுவை.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் ஒரே ஒரு வரியை நாள் முழுக்கப் படித்தேன். 'உன் விலா எலும்புகள் தானாகக் கூடி ரெண்டு வருடம் ஆகிறது.'

எலும்புகள். ஒன்றல்ல. கூடின என்றால் முறிந்திருந்தன. பிறகு ஏன் சதைப்பிடிப்பு என்றாய்? அதைச் சொன்னபோது நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாய். இப்போது புரிகிறது.

சரி. தெரிந்தவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? மீதியையும் கேள்.

கூடத்தில் மாட்டினீர்களே, அந்தப் படம். காலைச் சாப்பாடு முடிந்து கூட்டமெல்லாம் உள்ளே மாயாஜாலக் காட்சிக்குப் போயிருந்தது. பாப்பா சிறுவர் அறையில் இருந்தாள். மேல்தளத்தில் காற்றும் நாங்களும்தான். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கினான். தளத்தின் கைப்பிடிக் கம்பி வயிற்றுக்கு வந்தது, பிறகு தொடைக்கு வந்தது. பன்னிரண்டு மாடிக்குக் கீழே தண்ணீர் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு ஓடியது. காதுக்குள் சொன்னான்: "இங்க விட்டா, சாப்பாட்டுக்கு வரலையேன்னுதான் தேடுவாங்க." அப்போது நீ பின்னால் வந்து, "அப்படியே இருங்க, அப்படியே இருங்க!" என்று கத்தினாய். அவன் சொன்னான்: "உங்கக்கா கூப்புடுறா. திரும்பிச் சிரி. சிரிக்கலன்னா கை வழுக்கிரும்."

சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சட்டம் போட்டீர்கள்.

அவன் செத்த அன்றைக்கு மதியம் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அத்தான் ஏதோ கடைக்குக் கண்ணாடி மாட்டப் போயிருந்தார். அவன் டிக்கெட்டை வெட்டுமேசையில் வைத்தான். ரெண்டே ரெண்டு. "இந்தத் தடவ பால்கனி ரூம். உங்கக்கா இல்ல, எங்கண்ணன் இல்ல, பாப்பாவ அம்மாகிட்ட விட்டுரலாம். நீயும் நானும் மட்டும்."

"நான் வரல" என்றேன். பத்து வருடத்தில் அவனிடம் சொன்ன முதல் 'வரல'.

எழுந்து போய் ஷட்டரை இழுத்து மூடினான், அவசரமே இல்லாமல். திரும்பி வந்து முடியைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினான். கண்ணாடி கீறக் கூடாதென்று அந்த மேசைக்குக் கம்பளம் ஒட்டியிருக்கும். கம்பளத்தில் கண்ணாடித்தூள் இருக்கும். கன்னத்தில் ஏறிய தூள் இன்னும் சோப்புப் போடும்போது குத்துகிறது. ரெண்டாவது மோதலில் முன்பல் போனது. பிறகு சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள்மேல் தள்ளினான். ஒன்று என் தோளில் விழுந்து நொறுங்கியது. கீழே கிடந்த என் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தான். "கப்பல்லயே முடிச்சிருக்கணும்" என்றான். கண் மங்கிக்கொண்டு வந்தது. தரையைத் துழாவிய கையில் ஒரு துண்டு அகப்பட்டது. பிடித்ததுமே என் கைதான் முதலில் அறுந்தது. குத்தினேன். பிடி தளரவில்லை. மறுபடியும் குத்தினேன். விட்டான். பக்கவாட்டில் சாய்ந்து, மேசைக் காலில் முதுகை வைத்து உட்கார்ந்தான். கழுத்திலிருந்து ரத்தம் விட்டு விட்டு வந்தது, தண்ணீர் நின்று நின்று வரும் குழாய் மாதிரி.

மூன்றாவதைப் பற்றி வாயைத் திறக்காதே என்கிறார் வக்கீலம்மா. திறப்பேன். அப்போது அவன் என்மேல் இல்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு ஓடியிருக்கலாம். யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். அவன் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்தால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்காக மட்டும் குத்தினேன் என்று சொன்னால் பொய். பத்து வருடத்துக்கும் சேர்த்துக் குத்தினேன்.

மூன்றாவதுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். முதல் ரெண்டும் ஏன் விழுந்தன என்பதற்குச் சாட்சி நீ ஒருத்திதான்.

சிட்டு


மார்ச் 29

சிட்டு,

கேட்டது.

ஆறு வாரமாக இந்த ஒரு வார்த்தையை எழுதி எழுதிக் கிழித்தேன். கேட்டது, சிட்டு. முதல் பயணத்திலேயே கேட்டது. நாங்கள் சாயங்காலச் சாப்பாட்டுக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் ஈரத்துணி அடிக்கிற சத்தம். யாரோ துவைக்கிறார்கள் என்று நினைத்தேன். கப்பலில் யார் துவைப்பார்கள்? உன் அத்தான் குனிந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "டிவி சத்தத்தக் கூட்டு" என்றார். கூட்டினேன். சாப்பாட்டு மேசைக்கு நீ பச்சை உடையில் வந்து, நாற்காலியில் சாயாமல் நெட்டுக்குத்தாக உட்கார்ந்தாய். "என்னடி, மகாராணி மாதிரி உக்காந்திருக்க?" என்று நான்தான் கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய்.

எக்ஸ்ரே. வலப்பக்கம் ஆறாவது, ஏழாவது விலாவில் புது முறிவு. இடப்பக்கம் எட்டாவதில் பழையது, கூடி முண்டு கட்டியிருந்தது. பதினேழு வருடமாக இதே வேலை. விழுந்தவள் எலும்பும் உதைபட்டவள் எலும்பும் எப்படி முறியும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகும் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நாலாவது பயணத்துக்கு அறை பதிவு செய்தாகிவிட்டது. நான் வாயைத் திறந்திருந்தால் அது நடந்திருக்காது. வேறு பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று எனக்குள்ளே தேடிப் பார்த்தேன். இல்லை.

ஊரில் இருக்கும்போது உன் அத்தான் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கப்பலில் என் கையைப் பிடித்துக்கொண்டு தளத்தைச் சுற்றி நடந்தார். கேப்டன், "அண்ணி, சும்மா வாங்க" என்று இழுத்துப் போய் ஆடவைத்தான். எனக்கு ஆட வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நான் சந்தோஷமாக இருந்தேன், சிட்டு. உன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தேன்.

அந்தப் படம் என் போனில் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை நாளும் முகத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். உன் கால் தளத்திலிருந்து ஒரு சாண் மேலே இருக்கிறது. ஒரு செருப்பு பெருவிரலில் தொங்குகிறது. படம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

எக்ஸ்ரே பிலிமை எறியவில்லை. பீரோவில் போர்வைக்கு அடியில் வைத்திருந்தேன். போன வாரம் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டேன். பதிவேட்டில் எழுதாமல் எடுத்ததற்கு என்மேல் விசாரணை வரும் என்றார். வரட்டும்.

கோர்ட்டில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று உன் அத்தானிடம் சாப்பிடும்போது சொன்னேன். தட்டோடு தூக்கிச் சுவரில் அடித்தார். "செத்தவன் என் தம்பிடி. கூண்டுல ஏறிப் பாரு, அப்புறம் தெரியும்" என்றார். நான் பயந்து எழுந்துவிட்டேன். உன் மகள் அசையவில்லை. தன் தட்டை மட்டும் மெதுவாக எடுத்து மடியில் இறக்கி வைத்துக்கொண்டு, குனிந்து சாப்பிட்டாள்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

வராதே.

தட்டை மடியில் இறக்கி வைத்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறாய். அதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். 'அப்பா கை ஓங்கினா தட்ட மேசைல வைக்காத, மடில வச்சுக்கோ. சோறாவது மிஞ்சும்.' மழலைப் பள்ளியில் பாட்டும் படமும் சொல்லிக்கொடுத்தவள் சொந்த மகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இது.

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் மாமியாரிடம் போவாள். அவனை வளர்த்த கையில் இவளும் வளர்வாள். எனக்கு ஆயுள் தண்டனை கிடைத்தாலும் சரி, அது நடக்கக் கூடாது. பிலிம் போதும். நீ கூண்டில் ஏற வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே தையல் கூடத்தில் ஊசியில் நூல் கோக்க எனக்கு அரை மணி ஆகும். அந்த நேரத்தில் மனம் எங்கே போகிறது தெரியுமா? கப்பலுக்கு. ரெண்டாவது பயணத்தில் ஒரு காலை. அவன் எனக்கு முன்னால் எழுந்து போய்த் தேநீர் வாங்கிவந்து, "வா, ஒண்ணு காட்டுறேன்" என்று கூட்டிப்போனான். டால்பின்கள். ஏழெட்டு இருக்கும், கப்பலோடு பந்தயம் கட்டி ஓடிவந்தன. அவன் கை என் தோளில் இருந்தது. வெறும் கையாக இருந்தது. அந்த ஒரு காலையை நம்பித்தான் மூன்றாவது பயணத்துக்குப் பெட்டி கட்டினேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ கதவை ஒரு தடவை தட்டியிருக்கலாம், அக்கா. சும்மா, 'சாப்பிடப் போலாமா' என்று கேட்கிற சாக்கிலாவது.

சிட்டு


மே 20

சிட்டு,

இது இடது கையால் எழுதுகிறேன். இப்போது உன் எழுத்தே மேல்.

வராதே என்றாய், வந்தேன். கூண்டில் நான் பேசியது உனக்குக் கேட்டிருக்கும். துண்டுச் சத்தத்தைச் சொன்னபோது நீ நிமிரவில்லை, பிலிமைக் காட்டியபோதும் நிமிரவில்லை. அரசு வக்கீல், "எல்லாம் தெரிஞ்சும் நாலு வருஷம் ஏன்மா சும்மா இருந்தீங்க?" என்று கேட்டாரே. "என் லீவு கெட்டுப்போயிடும்னு" என்றேன். அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாய். அந்தப் பார்வையை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

உன்னைக் கூட்டிப்போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. வெளித் தாழ்வாரத்தில் உன் அத்தான் நின்றிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. பக்கத்தில் வந்து என் வலது கையைப் பிடித்தார். "டிவி சத்தத்தக் கூட்டச் சொன்னேன்னு ஊரு முன்னால சொல்லிட்ட" என்றார். "ஆமா, சொன்னீங்க" என்றேன். "இந்தக் கையாலதான சத்தியம் பண்ணின?" என்று கேட்டுக்கொண்டே, கையை இழுத்துக் கோர்ட் கதவின் நிலையில் வைத்து, அந்தக் கனத்த மரக்கதவைக் காலால் உதைத்துச் சாத்தினார். ஒரு தடவை சாத்திவிட்டுத் திறந்து பார்த்தார். மறுபடியும் சாத்தினார். எலும்பு முறிகிற சத்தம் எனக்கு வெளியிலிருந்து கேட்டது போல இருந்தது. அலறினேன். வாழ்க்கையில் அப்படி அலறியதில்லை. ரெண்டு போலீஸ்காரர்கள் ஓடிவந்து அவரைக் கீழே தள்ளி, ஒருவர் முதுகில் ஏறி உட்கார்ந்தார். கன்னம் தரையில் அழுந்திக் கிடந்தவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினாலு வருடத்தில் முதல் தடவை. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கை தொங்கிக்கொண்டு வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எக்ஸ்ரே. என்னிடம் வேலை பழகிய பெண்தான் எடுத்தாள். "எப்படி மேடம் ஆச்சு?" என்றாள். வாசலில் மாமியார் நின்று தலையை ஆட்டிக்கொண்டே, "வழுக்கி விழுந்துட்டா, வழுக்கி விழுந்துட்டா" என்றார். நான் சொன்னேன்: "பதிவேட்ட எடு. என் புருஷன் கைய வச்சுக் கதவச் சாத்தினார், ரெண்டு தடவ. அப்படியே எழுது." நாலு எலும்பு. அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

உன் அத்தான் உள்ளே இருக்கிறார். என்னை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு மாடியறை பிடித்து உன் மகளோடு வந்துவிட்டேன். பாப்பா என்னிடமே இருக்கலாம் என்று கோர்ட்டில் எழுத்திலேயே வாங்கித் தந்துவிட்டார் வக்கீலம்மா. ஒற்றைக் கையால் அவளுக்குச் சடை பின்ன வரவில்லை. நான் ஒரு பிரியைப் பிடித்துக்கொள்கிறேன், மற்ற ரெண்டையும் அவளே பின்னுகிறாள். கோணலாகத்தான் வருகிறது. அப்படியே பள்ளிக்குப் போகிறாள்.

அக்கா


ஜூலை 2

அக்காவுக்கு,

தீர்ப்பன்று உன்னிடம் பேச விடவில்லை. திட்டமிட்ட கொலை இல்லை என்று நீதிபதி சொன்னதும் நீ பெஞ்சில் உட்கார்ந்தபடியே அழுதாய். ஆறு வருடம் என்றதும் எழுந்து நின்றுவிட்டாய். முதல் ரெண்டு குத்தும் உயிருக்குப் பயந்து நடந்ததாம். மூன்றாவதுக்குத்தான் ஆறு வருடம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. நீ வராமலிருந்தால் மூன்றுக்கும் சேர்த்து ஆயுள் முழுக்க இருந்திருப்பேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை போகவில்லை. வரும்போது எழுதுகிறேன். வராமலும் போகலாம். அதுவரை நீ எழுதுவதை நிறுத்திவிடாதே.

நேற்று பாப்பாவை அனுப்பினாயே, நீ வெளியே நின்றுகொண்டு அவளை மட்டும். அதற்காக உன் முகத்தைப் பார்க்கத் தோன்றியது. வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். வளர்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கம்பியையே விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்பாவ நீதான் கொன்னியாம்மா?"

எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன். "ஆமா" என்றேன்.

"அவருக்கு வலிச்சிதா?"

"வலிச்சிது."

"உனக்கு?"

கையைக் காட்டினேன். வலைக்குள் விரலை விட்டுத் தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். காவலர் நேரமாகிறது என்றபோது, கிளம்புகிற அவசரத்தில் உன்னைப் பற்றி ஒரு புகார் சொன்னாள். "பெரியம்மா ரொம்பத் தொல்ல பண்றாங்கம்மா. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் உக்கார வச்சு, 'உன்ன யாராவது அடிச்சாங்களா, யாராவது திட்டினாங்களா, எங்கயாவது வலிக்குதா'ன்னு கேக்குறாங்க. இல்லன்னு சொன்னாலும் விட மாட்டேங்கிறாங்க. நேத்து நான் கோவத்துல கதவச் சாத்திக்கிட்டேன். வெளிய நின்னு தட்டிட்டே இருந்தாங்க. நீ சொல்லுமா அவங்ககிட்ட, வேணாம்னு."

சொல்கிறேன் என்று அவளிடம் தலையாட்டி வைத்தேன்.

சொல்லமாட்டேன். அவள் கத்தட்டும், கதவைச் சாத்தட்டும், உன்மேல் வெறுப்பே வரட்டும். நீ கேட்டுக்கொண்டே இரு.

சிட்டு